பிரெஞ்சுப் பாப்பாவின் கன்னத்துப் பொட்டு

மாதவரம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் படத்தைச் சுத்தம் செய்வதற்காக நம் ஓவியக் கடையில் இறக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வெள்ளை கவுன், இடுப்பில் நீல நாடா, கையில் ஒரு ஆரஞ்சுப் பழம், பின்னால் தோட்டமா தீ விபத்தா என்று சொல்ல முடியாத ஒரு பச்சை மஞ்சள் குழப்பம். நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சில் யாரோ ஒரு ஓவியர் வரைந்த சின்னப் பெண்ணின் படம். அதைப் பார்த்து ஆயில் பெயின்டில் கையால் எழுதியவன் நான். கடைப் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் அவள் கன்னத்தில் இருந்த கரும்புள்ளியைப் பார்த்து, ஈ எச்சம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுச் சுரண்டுவதற்குக் கத்தியைக் கையில் எடுத்தாராம். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து டீ வந்ததாம். டீ கொண்டு வந்தவர் நீடூழி வாழ்க.

கத்தியைக் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு, அப்புறமும் சுரண்டத் தோன்றினால் சுரண்டுங்கள்.

கை நடுங்க ஆரம்பித்ததும் நான் கடையை விட்டு வந்தவன். இப்போது வீட்டில் சும்மா பிரஷ் பிடித்தால் தீற்றல்கள் தானாகத் துள்ளி விழுகின்றன. "இப்பத்தான் நீங்க மெய்யாலுமே பிரெஞ்சுக்காரர் மாதிரி போடுறீங்க" என்கிறாள் என் மனைவி. அது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பொட்டின் கதையைச் சொல்வதற்கு முன் ஒளிவட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஓவியங்களைப் பிரதி எடுக்கும் வேலை நம் கடைக்கு வந்தது பிற்பாடுதான். அதற்கு முன் ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றி இறந்துபோனவர்கள்தான் நமக்குச் சோறு போட்டார்கள். குடும்பத்தார் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதைப் பெரிதாக எழுதிக் கொடுத்தால் மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த வாத்தியார் முதல் நாளே சொன்னது இது:

"போட்டோவ குட்த்தா மூஞ்சப் பாக்காதடா. கீறாரா, போய்ட்டாரான்னு மொதல்ல கேளு. கீறாருன்னா கன்னத்துல கொஞ்சம் செவப்பு. போய்ட்டாருன்னா தலைய சுத்தி வெளிச்சம்."

நான் ஒருமுறை கேட்க மறந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பருப்பு மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு அண்ணாச்சியின் படம் அது. மகன்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள், முகத்தைக் கொஞ்சம் உம்மென்று வைத்திருந்தார்கள், நான் வேறு எதுவும் விசாரிக்கவில்லை. தலையைச் சுற்றி அருமையான ஒரு ஒளிவட்டம் போட்டேன். என் வாழ்நாளிலேயே சிறந்த வட்டம் அதுதான். படத்தை வாங்க அண்ணாச்சியே நேரில் வந்தார். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்காம்.

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏலே, என்னைய அனுப்பி வச்சிட்டியா?" என்றார்.

அழிக்கலாம் என்று துணியை எடுத்தேன். வாத்தியார் என் கையைத் தட்டிவிட்டு, "அண்ணாச்சி, வேல இன்னும் முடியல. அது உங்க நாற்காலி" என்றார். சொல்லிக்கொண்டே பிரஷ்ஷைத் தோய்த்து, அந்த வட்டத்தின் மேலேயே பிரம்புப் பின்னல் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி இறக்கினார். டீ ஆறுவதற்குள் அண்ணாச்சி ஒரு ஜமீன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிரோடு. ரொம்பச் சந்தோஷம் அவருக்கு. அவர் போனபிறகு வாத்தியார் என்னிடம் சொன்னார்: "தப்பு பண்ணா அயிக்காத. அயிச்சா பாக்கறவன் கண்ணுக்கு அயிச்ச இடம்தான் தெரியும். அத்த வேற ஒண்ணா ஆக்கிடு."

இந்தப் பாடத்தை நான் ஆயுளுக்கும் மறக்கவில்லை, தேவைப்பட்ட அந்த ஒரு தடவையைத் தவிர.

இனி பிரெஞ்சுப் பாப்பா. மாதவரத்தில் குழந்தைகளுக்கான ஒரு ஆஸ்பத்திரியை இடித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அலங்கார வேலைக்குப் பொறுப்பான மேடம் நம் கடைக்கு வந்தார். வயது என் மகளைவிடக் குறைவு, கண்டிப்பு என் மாமியாரைவிட அதிகம். இதய அறுவை சிகிச்சை நடக்கும் அறைக்கு வெளியே, பெற்றோர் காத்திருக்கும் ஹாலில் இந்தப் படம் வேண்டும் என்றார். "பிரின்ட் வேணாம் சார், கையால போட்டதுதான் வேணும். ஆனா ஒரிஜினல்ல இருக்கிறதுதான் இருக்கணும். ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது." இந்தப் புள்ளி என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிய கதையை விடுகிறேன், அது உங்களுக்குத் தெரிந்த வேலை. என் கவலையெல்லாம் காய்வதைப் பற்றித்தான். ராயபுரத்துக் கடல்காற்றில் ஆயில் பெயின்ட் எங்கே காயும்? அப்பளமே நமத்துப்போகிற ஊர். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரித் தூள் வந்து வெள்ளை கவுனில் உட்காரும், மூடினால் எனக்கு மூச்சு முட்டும். பாப்பாவைக் காப்பாற்றுவதற்காக நான் மூச்சு முட்டக் கிடந்தேன். அப்படியும் ஒப்படைக்க வேண்டிய நாளில் முகம் ஈரமாகவே இருந்தது. மினிவேனில் படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே நின்றேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழக்கம்போல எனக்காகவே மூடியது. சரக்கு ரயில் போகும்வரை பக்கத்தில் பைக்கில் நின்றவர்கள் எல்லோரும் பாப்பாவைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். "ஈரம், ஈரம்" என்று கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சுவரில் டிரில் போட வேண்டிய ஆள் வரவில்லை. அதனால் படத்தை அறுவை சிகிச்சை அறையின் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தேன். மேடம் மொபைலில் ஒரிஜினலைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பழத்திலிருந்து தொடங்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பரீட்சை எழுதிய பையன் போல நின்றிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்தது. சக்கர நாற்காலியில் பச்சை அங்கி போட்ட ஒரு சின்னப் பெண், பெயர் யாழினி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். பக்கத்தில் அம்மா செல்வி. அப்பா பிரபு கன்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறவர், துறைமுகப் பாஸ் இன்னும் கழுத்தில் தொங்கியது. பிறந்ததிலிருந்தே அந்தப் பெண்ணின் இதயத்தில் ஓட்டை. உதடு லேசான நீலமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க நிறம் கலந்தவன் நான். அந்த நீலத்தை நான் கலந்ததில்லை, கலக்கவும் வேண்டாம்.

நர்ஸ் குழந்தையின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டைப் பஞ்சால் துடைத்தார். "மை எதுவும் இருக்கக் கூடாதும்மா. டாக்டர் தோல் நிறத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்." பொட்டு போன இடத்தையே செல்வி பார்த்துக்கொண்டிருந்தார். பிரபு அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் என் படம்.

"யாரு பெர்சு இது?" என்று என்னிடம் கேட்டார்.

"பிரெஞ்சுப் பாப்பாப்பா."

"இங்கதான் சேத்திருந்தாங்களா?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"இன்னா சிரிக்கிற? தலைய சுத்தி வட்டம் போட்டுக்கிற. எங்கம்மா போனப்போ இதே மாரிதான் கல்மண்டபத்துல எழுதி வாங்கினோம்."

அதை எழுதியதும் அநேகமாக நான்தான். அந்தத் தகவலை நான் வெளியிடவில்லை.

பிரபு சக்கர நாற்காலியை இழுத்துப் பிடித்தார். "செல்வி, கெளம்பு. ஆபரேசனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். செத்த கொயந்த படத்த வாசல்லயே வச்சுக்கினு உள்ள கூப்டறாங்க."

"என்ன பேசுறீங்க?" என்றார் நர்ஸ். "உள்ள எல்லாரும் தயாரா நிக்கிறாங்க. இன்னிக்கு விட்டா மறுபடி எப்போன்னு சொல்ல முடியாது. உங்க பொண்ணு உதட்டைப் பாருங்க."

"அவ உதட்ட நீ எனக்குக் காட்டாத. தெனம் அதத்தான் பாத்துகினு கீறேன்."

மேடம் மொபைலை நீட்டினார். "அண்ணா, அது வட்டம் இல்ல. வெயில். இலைக்கு நடுவுல விழுற வெளிச்சம். ஒரிஜினல் பாருங்க."

பிரபு பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரிஜினலில் வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது, கூந்தலில் கொஞ்சம், தோளில் கொஞ்சம். என் படத்தில் அது ஒழுங்காக, அழகாக, அண்ணாச்சிக்குப் போட்டது போலவே, தலையைச் சுற்றி ஒரு வட்டமாக இருந்தது. நான் நினைத்துப் போடவில்லை. அத்தனை வருஷம் இறந்தவர்களை எழுதிய கை அதுவாகவே போட்டிருக்கிறது. மேடம் கவனிக்கவில்லை, அவர் இன்னும் பழத்தைத் தாண்டவில்லை. அந்த ஹாலில் என் படத்தைச் சரியாகப் படித்தவர் பிரபு ஒருவர்தான்.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? துணியை எடுத்து வட்டத்தைத் தேய்த்தேன்.

"பாத்தியா, அயிக்கிறான்!" என்று கத்தினார் பிரபு. "ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அயிக்கிற?"

ஈரப் பெயின்ட் இழுபட்டு வட்டம் புகையானது. அதுவரை செத்திருந்த பாப்பா இப்போது எரியவும் ஆரம்பித்தாள். மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நான் பேச்சில் சமாளிக்கப் பார்த்தேன். "தம்பி, இது நூறு வருஷத்துக்கு முந்தின படம். அந்தப் பொண்ணு யாரோ, எங்கேயோ..."

"நூறு வருசமா? அப்போ செத்துத்தானே போயிருக்கும்?"

இதற்கு உலகத்தில் எந்த ஓவியப் பள்ளியிலும் பதில் கிடையாது. "வளர்ந்து, கல்யாணம் கட்டி, கிழவியாகிப் போயிருப்பாப்பா" என்றேன்.

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. அவள் எவ்வளவு காலம் இருந்தாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் விசாரித்ததில்லை. கீறாரா, போய்ட்டாரா என்று முதலில் கேள் என்று சொல்லிக்கொடுத்த கடையிலிருந்து போனவன் நான். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நிமிஷம் என்னிடம் ஒரு பொய்யைப் பிடித்தால் அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார் என்று தோன்றியது.

"பாக்கலப்பா. தெரியாது" என்றேன்.

பிரபு சக்கர நாற்காலியை லிஃப்ட் பக்கம் திருப்பினார். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட உள்ளே ஓடினார். அப்போது சக்கர நாற்காலியில் இருந்த சின்ன மனுஷி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அப்பா, அந்தப் பாப்பாக்கும் பொட்ட அயிச்சுட்டாங்களா?"

அவளே என் பக்கம் திரும்பினாள்.

"என் பொட்ட அதுக்கு வச்சுடு தாத்தா. நான் வெளிய வந்து வாங்கிக்கிறேன்."

தாத்தா என்பது நான்தான். வாத்தியார் என் கையைத் தட்டிவிட்டது போல இருந்தது. அழிக்காதே, வேறொன்றாக ஆக்கு. பிரபுவைப் பார்த்தேன். அவர் செல்வியைப் பார்த்தார்.

செல்வி மெதுவாகச் சொன்னார்: "செத்த கொயந்தைக்கு யாரும் திருஷ்டிப் பொட்டு வைக்க மாட்டாங்கய்யா. வச்சா அது உயிரோட கீதுன்னு அர்த்தம். அவ சொல்றா, வைக்கட்டும் உடு."

"சார், வேண்டாம்" என்றார் மேடம். "ஒரிஜினல்ல அது இல்ல."

"ஒரிஜினல்ல இந்த வட்டமும் இல்லம்மா" என்றேன். அவர் அப்போதுதான் மொபைலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மொபைலைக் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

பெட்டியைத் திறந்து கருப்பைப் பிதுக்கி மோதிர விரலில் எடுத்தேன். "எந்தக் கன்னம்மா?" என்று கேட்டேன். அதற்குள் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு கன்னத்தைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஆயா ஒருவர் உள்ளங்கால்தான் சாஸ்திரம் என்றார். யாழினி தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். வைத்தேன்.

"சின்னதா கீது."

பெரிதாக வைத்தேன்.

பிரபு படத்தின் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சக்கர நாற்காலியை அவரே கதவுப் பக்கம் திருப்பினார். குழந்தை உள்ளே போனதும் என்னிடம் வந்தார். "பெர்சு, நீ எங்கயும் போவக் கூடாது. வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிக்கிறா. குட்க்கறதுக்கு நீ இருக்கணும். குந்து."

குந்தினேன்.

பிள்ளைகளே, நம் தொழிலில் பதற்றம் என்றால் கேன்வாஸ் கிழிவது, வார்னிஷ் வெளுத்துப் பூப்பது, கஸ்டமர் கத்துவது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது. விரலில் கருப்போடு உட்கார்ந்திருந்தேன், கழுவப் போகவும் தைரியம் இல்லை. ஒண்ணுக்கு வேறு முட்டியது. எழுந்தால் பிரபு நிமிர்ந்து பார்ப்பார், உட்கார்ந்துவிடுவேன். அந்தக் கதவு திறந்து வேறு மாதிரி ஒரு செய்தி வந்தால்? அந்தக் குழந்தையின் பொட்டை அடகு வாங்கியவன் நான். என் வட்டத்தையும் என் புகையையும் என் பொட்டையும் அந்தத் தகப்பன் ஆயுள் முழுக்கக் கண்ணுக்குள் வைத்திருப்பான். பொட்டு வைத்தது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா என்று அப்போது எனக்குத் தெரியாது. கதவு திறக்கும்வரை யாருக்குமே தெரியாது. சமயோசிதம் என்று பின்னால் பெயர் வைக்கிறோமே, அது நடக்கும்போது வெறும் பயமாகத்தான் இருக்கிறது.

"அது காஞ்சுடுமா?" என்று கேட்டார் பிரபு, பொட்டைக் காட்டி.

"எல்லா நிறத்துலயும் கருப்புதான் கடைசியா காயும்பா."

"அவ வர்றதுக்குள்ள காயக் கூடாது."

ராயபுரத்தில் பிறந்து, 'கடவுளே, இது காய வேண்டுமே' என்று வேண்டிக்கொண்டே தொழில் செய்தவன் நான். வாழ்க்கையில் முதல்முறையாக, காயக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஒருமுறை கதவு திறந்தது. நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம். பக்கெட்டோடு ஆயா வந்தார். "இன்னா, எனக்கு மரியாதையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேடமும் போகவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கதவு திறந்தபோது டாக்டர் வந்தார். முகமூடியை இறக்கிவிட்டு, "நல்லபடியா முடிஞ்சுது. ஓட்டையை அடைச்சாச்சு. கொஞ்ச நாள் ஐ.சி.யூ.வில் இருக்கணும்" என்றார். செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரபு அழவில்லை. என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்து, "எந்திரி பெர்சு, போய் ஒண்ணுக்குப் போய்ட்டு வா" என்றார்.

காப்பாற்றியவர் டாக்டர். நான் செய்ததெல்லாம் ஒரு தப்பான வட்டத்தைப் போட்டு, அதனால் ஒரு குழந்தை அந்தக் கதவைத் தாண்டாமல் போகவிருந்ததைக் கடைசியில் ஒரு பொட்டு வைத்துத் தடுத்தது மட்டும்தான். அதற்கும் யோசனை சொன்னவள் அந்தக் குழந்தையே. யாராவது என்னைப் புகழ வந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

அதன்பிறகு படம் காய்கிறதா என்று பார்க்கும் சாக்கில் அடிக்கடி மாதவரம் போனேன். படத்தைச் சுவரில் மாட்டிவிட்டிருந்தார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அதன் முன் நின்று, "கன்னத்துல என்ன கருப்பா?" என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஒரு புள்ளிகூடக் கூடாது என்று சொன்ன அந்த மேடம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "ஒரிஜினல்லயே இருக்கு சார்" என்றார்.

யாழினி வீட்டுக்குப் போகும் நாளில் நான் அங்கேதான் இருந்தேன். பிரபு அவளைத் தோளில் தூக்கிக் காட்டினார். உதட்டில் அந்த நீலம் இல்லை. சாதாரணமான, எந்த டியூபிலும் கிடைக்கிற சிவப்பு. அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், யாரையும் கேட்காமல் பாப்பாவின் கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். கருப்பு காயாமல் காத்திருந்தது. விரலில் ஒட்டியதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பெயின்டும்மா, தோலுக்கு ஆகாது" என்று பதறினேன்.

"வூட்டுக்குப் போய் எண்ணெய் தொட்டுத் தொடச்சுக்கறேன்" என்றார் செல்வி. "அதுவரைக்கும் இருக்கட்டும்."

"முழுசும் வரல" என்றார் பிரபு, மகளின் கன்னத்தைப் பார்த்து. "பாதி அதுங்கிட்டயே கீது."

"அது வச்சுக்கட்டும்" என்றாள் அவள்.

ஆகவே, சுத்தம் செய்யப் போகிறவருக்கு: தலைக்கு மேலே புகைபோல ஒரு கறை இருக்கும். அது என் கைங்கரியம், ஒரிஜினலைப் பார்த்து நிதானமாகத் திருத்துங்கள். வெளிச்சம் சிதறிக் கிடக்கட்டும், வட்டமாகக் கூடிவிட வேண்டாம். உங்கள் கையையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கவுனில் படிந்திருப்பது துறைமுகத்து நிலக்கரி, தாராளமாக எடுங்கள். கன்னத்துக்கு வரும்போது மட்டும் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அந்தக் கருப்பின் நடுவில் மெல்லிய வரிகள் வளைந்து வளைந்து ஓடும். எந்தப் பிரஷ்ஷாலும் அப்படிப் போட முடியாது. ஒரு சின்ன ஆள்காட்டி விரலின் ரேகை அது.

பஞ்சை அதைச் சுற்றிக் கொண்டுபோங்கள்.